குரங்கு மிசின் எந்த ஊர்ச் சாமான்? மட்டக்களப்பு, அம்பாறைப் பயணக் குறிப்புகள்

2025 ஜூலை 16, புதன். கோட்டைமுனை

மட்டக்களப்பு நகரில் ஒரு பழைய இரும்புச் சாமான் கடையின் பின்கட்டில் "ஒரிஜினல் ஜப்பான் டொங்கி கொங்" ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்று கிடப்பதாகவும், கொழும்பிலுள்ள ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்பதாகவும், விற்பதற்கு முன் அது உண்மையில் என்ன பொருள் என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது என்றும் கடைக்காரரின் மகன் எழுதியிருந்தார். அவர் அனுப்பிய படத்தில், பெட்டியின் பக்கப் பலகையில் வரையப்பட்டிருந்த குரங்கின் கையில் கதாயுதம் இருந்தது. டொங்கி கொங்கைச் செய்த ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோவின் குரங்கு பீப்பாய் உருட்டுமே தவிரக் கதாயுதம் ஏந்தாது. அந்தக் கதாயுதத்துக்காகவே புறப்பட்டேன்.

புகையிரதம் வாழைச்சேனையைத் தாண்டியபோதே கச்சான் காற்று ஜன்னல் வழியாக அனலை வீசத் தொடங்கிவிட்டது. ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலை இரண்டாகக் கொண்டுவருவது நல்லது. நிலையத்திலிருந்து கோட்டைமுனைக்கு ஓட்டோக்காரர் ஐந்நூறு ரூபா கேட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய சிநேகிதரே "முந்நூறு தானேடா" என்று சொல்லிவிட்டதால் எனக்குப் பேரம் பேசும் வேலை இருக்கவில்லை.

கடைக்காரர் எழுபதை நெருங்குகிற மனிதர். பெட்டியைக் காட்டுவதற்கு முன் பிட்டும், பால் சொதியும், இறால் பொரியலும் வந்தன. அதன் பிறகு சட்டியில் எருமைத் தயிர். தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "மிசின் எங்கேயும் ஓடாது மனே, முதல்ல சாப்பிடு" என்றார். சாப்பிட்டு முடிக்கும்போது இருட்டிவிட்டது. பின்கட்டில் மின்விளக்கு இல்லை. கைபேசி வெளிச்சத்தில் பார்த்த அளவில், ஆளுயரப் பெட்டி, வாகனங்களுக்கு அடிக்கும் எனாமல் மையில் வரைந்த ஓர் அனுமார், அதன்கீழ் "குரங்கு விளையாட்டு" என்று கொட்டை எழுத்து. ஊரில் இதற்குக் குரங்கு மிசின் என்றுதான் பெயராம். எழுத்தின் வளைவுகளைப் பார்த்தால் சினிமாப் பதாகை எழுதிப் பழகிய கை என்று தெரிந்தது.

ஜூலை 17, வியாழன். பின்கட்டில்

வெயில் ஏறுவதற்கு முன் வேலையைத் தொடங்கினோம். கடையின் பையன்கள் இருவர் பெட்டியை முற்றத்துக்கு நகர்த்தியபோது அடிப்பலகை முனகவே இல்லை. காரணம், அடிப்பாகம் முழுவதும் முதிரை என்ற வன்மரத்தின் பலகை. மேலே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த வெளிநாட்டுப் பலகை. அந்தப் பலகை நம்முடைய மாரியையும் கறையானையும் தாங்காது. யாரோ ஒரு தச்சர் அழுகிய பகுதியை அறுத்து எறிந்துவிட்டு, முதிரையில் புது அடித்தளம் போட்டு, மரை ஆணியால் முடுக்கியிருக்கிறார். நேர்த்தியான வேலை.

இப்படிப்பட்ட பெட்டிகளின் பிறப்பிடத்தை அறிய விரும்புபவர்கள் முதலில் படத்தையும் பெயரையும் பார்க்கிறார்கள். நான் மின்மாற்றியைத்தான் முதலில் பார்ப்பேன். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்பதற்காகச் செய்த பெட்டியில் அதற்குரிய மின்மாற்றிதான் இருக்கும். இங்கே கொண்டுவந்தால் வெளியே இன்னொரு மின்மாற்றி மாட்ட வேண்டும். இந்தப் பெட்டிக்குள் தொழிற்சாலையில் பொருத்திய நிலையிலேயே இருந்த மின்மாற்றியில் 220, 240 என்ற இரண்டு இணைப்புகள் இருந்தன. ஜப்பான் கதை அந்த இடத்திலேயே பாதி உடைந்துவிட்டது. கடைக்காரரின் முகம் சற்று வாடியது.

படக்குழாயும் அதன் மின்சுற்றும் ஹன்டாரெக்ஸ். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து நிறுவனம். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் இவர்களுடைய திரைகள் பெட்டி பெட்டியாகப் போயின. காசு வாங்கும் கருவியில் "கொயின் கொன்ட்ரோல்ஸ்" என்று வார்த்திருந்தது; அது இங்கிலாந்தின் ஓல்டம் பகுதி நிறுவனம். அதாவது பெட்டி ஐரோப்பாவில், பெரும்பாலும் இங்கிலாந்தில் பூட்டப்பட்டது.

படக்குழாயைத் தொடுவதற்கு முன், வழக்கம்போல மரையாணி முடுக்கியில் ஒரு கம்பியைக் கட்டி அதன் மின்னேற்றத்தை இறக்கினேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனாலும் அந்தச் சடங்கைச் செய்யாமல் கை வைக்க மனம் வராது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தபோதுதான் பெரிய செய்தி கிடைத்தது. ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் அதன் சுவடு திரையின் உட்புறத்தில் எரிந்து நிலைத்துவிடும். இந்தத் திரையில் பழுப்பு நிறத்தில் தெரிந்தவை குரங்கு விளையாட்டின் சாய்ந்த இரும்புத் தளங்கள் அல்ல. மூலைகள் உருண்ட சந்து பொந்துகள், நடுவில் ஒரு சிறிய செவ்வகக் கூடு. 1980இல் நம்கோ வெளியிட்ட பேக் மேன் விளையாட்டின் பாதை வரைபடம் அது. குரங்கு வருவதற்கு முன் இந்தப் பெட்டிக்குள் வேறொரு உயிர் இருந்திருக்கிறது.

அடுத்தது மின்சுற்றுப் பலகை. நின்டெண்டோவின் 1981ஆம் ஆண்டு டொங்கி கொங் பலகையில் விளையாட்டை நடத்த ஒரு இசட்80, ஒலிக்கென்று தனியாக ஒரு 8035 என இரண்டு செயலிகள் இருக்கும். இந்தப் பலகையில் இசட்80 இருந்தது, 8035 இல்லை, அதற்குப் பதிலாக ஏவை-3-8910 என்ற ஒலிச் சில்லு இருந்தது. ஆகவே இது "கிரேசி கொங்". ஜப்பானின் ஃபால்கன் நிறுவனம் நின்டெண்டோவிடம் அனுமதி வாங்கி வேறு வன்பொருளில் செய்த விளையாட்டு. நிறமும் ஒலியும் மூலத்திலிருந்து மாறியிருக்கும். ஜப்பானுக்குள் மட்டும் விற்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறிப் பலகைகள் வெளிநாடுகளுக்குப் போனதால் 1982இல் அந்த அனுமதி இரத்தானது. அதற்குள் அதைப் பார்த்துக் கள்ளப் பலகை செய்தவர்கள் பல நாடுகளிலும் கிளம்பிவிட்டார்கள்.

நிரல் பதிந்த ஈப்ரொம் சில்லுகளின் தலையில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதில் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் காலப்போக்கில் நிரல் அழியும். இங்கே ஒவ்வொரு சாளரத்தின் மேலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சதுரமாக நறுக்கி ஒட்டியிருந்தார்கள். கடுதாசிப் பக்கம் கீழே, வெள்ளிப் பக்கம் மேலே. மின்கசிவு வராதபடி யோசித்துச் செய்த வேலை. கொண்டுபோன கருவியில் சில்லுகளைப் படித்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன.

பிற்பகலில் காசுக் கருவியைச் சோதித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. துவாரம் இங்கிலாந்தின் பழைய பத்துப் பென்ஸ் நாணயத்துக்கு உரியது. அதன் விட்டம் 28.5 மில்லிமீற்றர். என் பையில் கிடந்த இரண்டு ரூபாக் குற்றியைப் போட்டுப் பார்த்தேன். அழகாக உள்ளே உருண்டு, பாதி வழியில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதை எடுக்க அரை மணித்தியாலம் போனது. பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பழைய மா டின் ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அதில் பழைய இரண்டு ரூபாக் குற்றிகள் கிடந்தன. 2005இல் வந்தவை நிக்கல் பூசிய உருக்கு, காந்தம் பிடித்துக்கொள்ளும். 1984இலிருந்து வந்தவை செப்பும் நிக்கலும் கலந்தவை, காந்தத்துக்கு அகப்படா. விட்டம் இரண்டுக்கும் பத்துப் பென்ஸின் அளவுதான். பழைய குற்றி ஒன்றைப் போட்டேன். கடகடவென்று இறங்கிப் பெட்டிக்குள் விழுந்தது. எடை மட்டும் பத்துப் பென்ஸைவிட மூன்று கிராம் குறைவு. ஆனால் தராசுத் தண்டில் இருந்த எதிரெடையை யாரோ அரத்தால் தேய்த்து அதற்கேற்பச் சரிசெய்திருந்தார்கள். அரத்தின் கோடுகள் இன்னும் தெரிந்தன.

காசுக் கதவின் உட்புறத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது. கறையான் தின்றது போக மிச்சம் வாசிக்க முடிந்தவை "ரேடியோ", "கல்முனை", "84".

மாலையில் மாமாங்கப் பிள்ளையார் கோயில் பக்கம் போனோம். அடுத்த வாரம் ஆடி அமாவாசைத் தீர்த்தம். திருவிழாக் கடைகளும் சனமும் வழியை அடைத்திருந்தன. தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ ஐம்பது ரூபா. அங்கிருந்த பெரியவர் ஒருவர் நான் விசாரிக்கும் விடயத்தைக் கேட்டதும், "அது புயலுக்கு முந்தி வந்த மிசின், தம்பி. நான் அதில விளையாடியிருக்கன்" என்று அடித்துச் சொன்னார். புயல் வந்தது 1978 நவம்பரில். பேக் மேன் பிறக்க அப்போது இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. மறுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவருடைய பேச்சில் பொய்யின் சாயல் இல்லை.

ஜூலை 18, வெள்ளி. கல்முனை, மருதமுனை

கல்முனை பஸ்ஸில் காத்தான்குடியைக் கடந்தபோது வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் கல்முனையில் இறங்குவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை இறங்கிய பிறகு கடைகளின் பூட்டுகள் சொல்லின. ஜும்மாத் தொழுகைக்காக வீதியே அடங்கியிருந்தது. கடை வாசல் ஒன்றின் நிழலில் நின்றேன்.

தொழுகை முடிந்து வந்த ஒருவர் யார், எங்கிருந்து என்று கேட்டார். பழைய ரேடியோ திருத்துநர் ஒருவரைத் தேடுகிறேன் என்றதும், எனக்குப் பெயர்கூடத் தெரியாத நிலையில், "எண்பத்து நாலென்றால் இரண்டு பேர்தான். ஒருத்தர் மௌத்து. மற்ற ஹாஜியார் மருதமுனையில மகள் வீட்ட இருக்கார்" என்று முடிவு சொல்லி, தன் மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோய் விட்டார். எண்ணெய்க்கு என்று கொடுத்த காசை வாங்கவில்லை.

மருதமுனைத் தெருக்களில் கைத்தறிச் சத்தம் இன்னும் சில வீடுகளிலிருந்து கேட்கிறது. ஹாஜியார் வீட்டில் சாப்பாட்டு நேரம். "தம்பி மாடு திம்பீங்களா?" என்று முதலில் கேட்டு, இல்லை என்றதும் முகத்தில் ஒரு மாற்றமுமின்றி நெய்ச்சோற்றோடு கோழி ஆணத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். கடைசியில் வட்டிலப்பம். நான் வந்த காரியத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. விருந்தாளியின் கை கழுவி முடியும்வரை அலுவல் பேசுவதில்லை என்பது அந்த வீட்டின் ஒழுங்கு போலும்.

பிறகு கைபேசியில் படங்களைக் காட்டினேன். சாளரங்களில் ஒட்டிய வெள்ளித்தாளைக் கண்டதும் சிரித்துவிட்டார். "இது என்ட வேல. அந்த நேரம் ஸ்டிக்கர் எங்க கிடைக்கும்? என்ட சகலன் குடிக்கிற சிகரெட்ட தாள்."

காணிவல் ஒன்று கல்முனை, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று என்று கொட்டகை போட்டுத் திரிந்த காலத்தில் இந்தப் பெட்டி அதோடு வந்ததாம். முதலில் காசுத் துவாரத்துக்குப் பொருந்தும் உள்ளூர்க் குற்றி இல்லாததால், கடைச்சல் பட்டறையில் பித்தளை வில்லை வெட்டி, அதை ஒரு ரூபாவுக்கு விற்றிருக்கிறார்கள். பையன்கள் விடுவார்களா? தகர வில்லை வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பிடிப்பதற்குத்தான் காந்தம். இரண்டு ரூபாக் குற்றி வந்ததும் முதலாளிக்குப் பெரிய நிம்மதி. தராசுத் தண்டை அரத்தால் தேய்த்ததும் ஹாஜியார்தான். விளையாட்டின் விலை ஒரே நாளில் இரட்டிப்பானதைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "சண்ட பிடிச்சவன் எல்லாம் மறுகா வந்து விளையாடினான்" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல்தான் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் அன்று தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே கொட்டகைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு நிறத்திரை என்பதே இந்தக் குரங்குப் பெட்டியின் திரைதான். காசில்லாதவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். பின்னால் நிற்பதற்கும் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது.

பலகை எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. கம்பி இணைப்பை மாற்றிப் பூட்டியது மட்டுமே தன்னுடைய வேலை என்றார். அது சிறிய வேலையன்று. எல்லாப் பலகைக்கும் ஒரே செருகி என்ற ஜம்மா ஒழுங்கு 1985இல்தான் வந்தது; அதற்கு முன் ஒவ்வொரு விளையாட்டுக்கும் கம்பிகளின் வரிசை வேறு. வரைபடம் இல்லாமல், ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். "மிசினோட திரிஞ்ச எலெக்ட்ரீசியன் அம்பாறையில இருக்கான். சிங்கள ஆள். தமிழ் நம்மள விட நல்லாப் பேசுவான்" என்று தொலைபேசி இலக்கத்தைத் தந்தார்.

ஜூலை 19, சனி. அம்பாறை

சம்மாந்துறை வழியாகப் போகும் பஸ். இரண்டு பக்கமும் சிறுபோக வயல். கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் நீர் இருப்பதால் இந்தக் கோடையிலும் பச்சை. பஸ்ஸின் மிதிபலகைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரின் கோழி என் கணினிப் பையின் மேல் அசிங்கம் பண்ணிவிட்டது. அவர் தன் தோளிலிருந்த துவாயாலேயே துடைத்துத் தந்தார். பிறகு அதே துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார்.

எலெக்ட்ரீசியன் மாத்தயா நகருக்கு வெளியே மரநிழல் வீட்டில் இருந்தார். கல்முனைத் தமிழ் அச்சுப் பிசகாமல் வந்தது. அவரிடம் கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலாளி இந்தப் பெட்டியைக் கொழும்பில் வாங்கியபோது அதற்குள் இருந்தது "வாய் விளையாட்டு", மஞ்சள் வாய் ஒன்று புள்ளி தின்னும் ஆட்டம். இங்கிலாந்திலிருந்து பாவித்த சாமானாகக் கப்பலில் இறங்கியது என்று விற்றவர் சொன்னாராம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். கொழும்பில் எதுவும் கிடைத்தது. ஓரிரு ஆண்டில் சனம் வாய்க்குச் சலித்துப் போகவே, சிங்கப்பூருக்குப் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் சொல்லி, துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த குரங்குப் பலகையை முதலாளி வாங்கினார். ஆகவே அது ஃபால்கன் செய்ததா, அதைப் பார்த்துச் செய்ததா என்பதைச் சிங்கப்பூர்க் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

பக்கப் பலகைக்கு மட்டும் புதுப் படம் வரவில்லை. அக்கரைப்பற்றில் சினிமாப் பதாகை எழுதிய ஒருவரிடம் "குரங்கு ஒன்று வரை" என்று முதலாளி சொன்னார். ஓவியருக்குத் தெரிந்த குரங்கு அனுமார்தான். கதாயுதம் வேண்டாம் என்று சொன்னதற்கு, ஆயுதம் இல்லாமல் வரைந்தால் சாமி குற்றம் வரும் என்று மறுத்துவிட்டாராம்.

புயலுக்கு முந்திய மிசின் பற்றியும் கேட்டேன். "அதுவும் உண்மைதான்" என்றார். திரையில்லாத, தகரத் தாராக்களைத் துவக்கால் சுடும் பெட்டி ஒன்று அதே முதலாளியின் தகப்பனாரிடம் இருந்தது. 1978இல் கொட்டகையோடு சேர்ந்து மட்டக்களப்பில் நொறுங்கியது. மாமாங்கத்துப் பெரியவர் விளையாடியது அதில்தான்.

பிறகு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். கொட்டகை வாசலில் மெலிந்த இளைஞராக அவர். பக்கத்தில் இந்தப் பெட்டி. பக்கப் பலகையில் அனுமார் இல்லை. ஒரு பெரிய வட்டமும் அதில் திறந்த வாயும் மட்டும். அதைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார். தேத்தண்ணியோடு வந்த கித்துள் கருப்பட்டியை அவருடைய மனைவி ஒரு துண்டு கடுதாசியில் சுற்றி வழிக்கும் தந்தார்.

திரும்பும்போது யானை ஒன்று வீதியோரம் நின்றதால் பஸ் அரை மணித்தியாலம் தாமதித்தது. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பத்திரிகை வாசித்தார். கல்முனையில் கடைசி பஸ் போய்விட்டபடியால் ஓட்டோவில் களுவாஞ்சிக்குடி வரை, அங்கிருந்து மீன் லொறியில் மட்டக்களப்பு. என் சட்டையின் வாசனையை விடுதிப் பையன் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டான்.

ஜூலை 20, ஞாயிறு. மீண்டும் கோட்டைமுனை

காலையில் பின்கட்டின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, பக்கப் பலகையோடு ஒட்டினாற்போல் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். எனாமல் மையின் கீழ், அனுமாரின் வயிற்றைச் சுற்றி, மேடு தட்டிய ஒரு வட்டக் கோடு. வலப்புறத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. அம்பாறைப் படத்திலிருந்த வாய் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. சுரண்டிப் பார்க்கலாமா என்று மகன் கேட்டார். அனுமாரைச் சுரண்டினால் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும் பேக் மேன் பெட்டிகளில் இன்னொன்று கிடைக்கும். அனுமார் இருக்கிற பெட்டி இது ஒன்றுதான் என்றேன். கடைக்காரரின் மனைவி அதற்குள் ஒரு செவ்வரத்தம் பூவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டார்.

கணக்கைக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன். பெட்டி இங்கிலாந்து, பேக் மேனாக வந்தது. திரை இத்தாலி. பலகை கிரேசி கொங், சிங்கப்பூர் வழியாக. அடிப்பாகம் மட்டக்களப்பு முதிரை. கம்பி இணைப்பும் காசுக் கருவியின் சீர்ப்படுத்தலும் கல்முனை. ஓவியம் அக்கரைப்பற்று. திரைக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் சுருள் எரிந்துவிட்டது. மாற்றுச் சுருள் வெளிநாட்டில் எடுக்கலாம், மின்தேக்கிகளையும் மாற்றினால் பெட்டி ஓடும்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப ஜப்பான் சாமான் எண்டு சொல்லேலாதா?"

"பலகையை வேண்டுமானால் சொல்லலாம் ஐயா. அதுவும் கள்ளப் பலகையாக இருக்கலாம்."

"இங்கிலாந்து எண்டு சொன்னா விலை குறையுமா?"

குறையாது, ஆனால் கொழும்புக்காரர் நின்டெண்டோவின் பெட்டி என்று நம்பிக் கேட்கிறார், இந்தக் கடுதாசியைக் காட்டாமல் விற்கக்கூடாது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மகனைக் கூப்பிட்டு, கொழும்புக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கடுதாசியை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். முதிரைப் பலகை வந்தபோது மட்டும் தானே தொலைபேசியை வாங்கி, "அடி முழுக்க முதிரை, தம்பி. அதுக்கு மட்டும் இப்ப என்ன விலை போகுது தெரியுமா?" என்று பேரத்தைத் தொடங்கிவிட்டார்.